இன்சொல் பிரிவும் மூன்றாம் அறைக் கதவும்

புதிதாகச் சேர்ந்த குளிர்க்காரனுக்கு அந்த நிறுவனத்தில் முதன்முதலாகப் பதில் எழுதியவர், செத்து எட்டு மாதமாகியிருந்த ஒருவர்.

அது அவனுக்கு அப்போது தெரியாது. காலையில் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு போனையும் கையில் கொடுத்து, எதுவானாலும் எழுதித்தான் கேட்க வேண்டும், வாயால் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கருவிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று, குளிரறைகளைப் பழுதுபார்க்கிற தன்னுடைய குளிர்ப் பிரிவின் முகவரிக்கே ஒரு வரி எழுதி அனுப்பினான். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது.

‘அன்புடையீர், வணக்கம். நலம், நலமறிய ஆவல். தங்கள் மடல் கண்டு மனம் மகிழ்ந்தேன். தற்சமயம் இருக்கையில் இல்லை. விரைவில் திரும்பி வருவேன். அதுவரை பொறுத்தருளும் தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.’

குளிர்க்காரன் நெகிழ்ந்துபோனான். இதற்கு முன் அவன் வேலை பார்த்த ஐஸ் தொழிற்சாலையில் கேள்வி கேட்டால் பதிலுக்கு ஸ்பேனர் பறந்து வரும். இங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தான். பிரிவில் இருந்த இரண்டாவது நாற்காலியில் தூசி படிந்து கிடந்தது. வருகிறவர் உட்காரட்டும் என்று அதைத் துடைத்து வைத்துவிட்டு மத்தியானம் வரை காத்திருந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் அக்கா வந்தாள். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். குளிரறைகளில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை எண்ணிக் குறித்துவைப்பது அவள் வேலை. பதினொரு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மெயில் முகவரி கிடையாது. நாள் முழுக்கக் கையுறை போட்டிருக்கிறவளுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அதனால் நிறுவனத்தில் நினைத்ததை நினைத்தபடி பேசுகிற ஒரே வாய் அவளுடையதாக மிஞ்சியிருந்தது.

“யாருக்குடா நாற்காலி தொடைச்சு வெச்சிருக்கே?” என்றாள்.

அவன் மெயிலைக் காட்டினான். அவள் படிக்கவில்லை. பெயர் இருந்த இடத்தை மட்டும் பார்த்தாள். பிறகு திறக்கப்போன சாப்பாட்டு டப்பாவை அப்படியே கீழே வைத்தாள்.

“அவரு வரமாட்டாரு. நான்தான் கதவைத் திறந்தேன்” என்றாள்.

மீதியை அவளிடமிருந்து துண்டு துண்டாகத்தான் பிடுங்க முடிந்தது. முன்னவர் ஒரு சனிக்கிழமை சாயந்திரம், எல்லாரும் கிளம்புகிற நேரத்தில், விசிறியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மூன்றாம் அறைக்குள் போயிருக்கிறார். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஐந்து நிமிடம் இருக்கையை விட்டு எழுந்தாலும், வருகிற மடலுக்குத் தானாகவே பதில் போகும்படி செய்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது விதி. அவர் விதிக்குக் கட்டுப்பட்டவர். செய்துவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்கிற குமிழ் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை காலை அக்கா பெட்டி எண்ணப் போனாள்.

“கதவுக்கிட்டயே உக்காந்திருந்தாரு. கையில ஸ்க்ரூடிரைவர்” என்றாள். “சரி, சாப்பிடு.”

அந்த நிறுவனம் பெரிய நிறுவனம். பிறருடைய மீனையும் பட்டாணியையும் ஐஸ்கிரீமையும் வாங்கி வைத்துப் பாதுகாப்பது அதன் தொழில். கீழ்த்தளத்தில் ஐந்து குளிரறைகள். ஒவ்வொன்றிலும் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. கதவுகள் முழங்கை நீளத் தடிமன். வெளியே லாரி ஹாரன் அடித்தாலும் உள்ளே கேட்காது. உள்ளே யார் கத்தினாலும் வெளியே கேட்காது. ஒவ்வொரு கதவிலும் வெளிப்பக்கம் பெரிய கைப்பிடி, உள்பக்கம் ஒரு குமிழ். குமிழை உள்ளேயிருந்து தள்ளினால் ஒரு கம்பி நகர்ந்து வெளிக்கொக்கியை விடுவிக்கும். மூன்றாம் அறையில் அந்தக் கம்பி உடைந்திருந்தது. சாண் நீளக் கம்பி. எட்டு மாதத்துக்கு முன்னால் உடைந்திருந்தது. இப்போதும் உடைந்தே இருந்தது.

“மூடுடா, குளிர் போகுது” என்பாள் அக்கா, அவன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம். அவள் ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்தக் கதவுக்குள் போய் வருகிறவள்.

கம்பியைக் கேட்டு ஒரு மெயில் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தான். போட்டான்.

‘மூன்றாம் அறைக் கதவின் உள்பக்கக் கம்பி உடைந்திருக்கிறது. உள்ளே மாட்டினால் ஆள் செத்துவிடுவார். ஏற்கெனவே ஒருவர் செத்திருக்கிறார். உடனே புதுக் கம்பி வேண்டும்.’

மெயில் கொள்முதல் பிரிவுக்குப் போகவில்லை. இன்சொல் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. நூற்றுக்கு ஒன்பது.

இன்சொல் பிரிவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால், முதலாளி எழுதிய நீண்ட மடல் ஒன்றுக்கு ஒரு குமாஸ்தா ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டார். வெறும் ‘சரி’. முதலாளி அந்தச் சொல்லை மூன்று நாள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். நான்காம் நாள் இன்சொல் பிரிவு பிறந்தது. அதற்கு ஓர் அதிகாரி, ஆறு உதவியாளர்கள், பணிவுமானி என்று ஓர் இயந்திரம். யார் எந்தப் பிரிவுக்கு எழுதினாலும் மடல் முதலில் பணிவுமானிக்குள் போகும். எழுபது மதிப்பெண் வாங்கினால் உரியவருக்குச் சேரும். வாங்காவிட்டால் திருத்தக் குறிப்புகளோடு திரும்பும். பிரிவுக்குள்ளேயே போய் வருகிற மடல்களையும், இன்சொல் அதிகாரி எழுதுகிற மடல்களையும் மட்டும் அது தொடாது. தராசை எதில் போட்டு நிறுப்பது?

போனில் பேசுகிற வசதியைத் துண்டித்துவிட்டார்கள். திடீரென்று மணி அடிப்பது எதிரில் இருப்பவரைத் திடுக்கிட வைக்கிறது என்பது காரணம். எந்த மடலுக்கும் நன்றி சொல்ல வேண்டும்; அந்த நன்றிக்கும் நன்றி சொல்ல வேண்டும். லாரிப் பிரிவுக்கும் கிடங்குப் பிரிவுக்கும் இடையில் நான்கு வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய ஒரு நன்றி இன்னும் போய் வந்துகொண்டிருந்தது. முதலில் நிறுத்துவது மரியாதைக் குறைவு என்று இருவருமே நிறுத்தவில்லை. ஒருவர் ஓய்வு பெற்றுப் போனபோது, பொறுப்புகளோடு அதையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

குளிர்க்காரனின் மெயிலில் ‘உடைந்திருக்கிறது’ என்பதற்கு அருகே ‘கதவையும் அதை வாங்கியவரையும் குறைகூறுகிறது’ என்றும், ‘உடனே’ என்பதற்கு அருகே ‘பெறுநர்மீது அழுத்தம்’ என்றும், ‘செத்துவிடுவார்’ என்பதற்கு அருகே ‘காலை வேளையில் படிப்போரின் மனநிலையைக் கருதவும்’ என்றும் சிவப்பில் எழுதியிருந்தது.

திருத்தினான். முப்பத்திரண்டு வாங்கினான். மறுபடி திருத்தினான். நாற்பத்தெட்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு நன்றி உள்ளே போனது. இடம் போதாமல் ஒரு விஷயம் வெளியே வந்தது. மூன்றாம் வாரம் எழுபத்தோரு மதிப்பெண்ணோடு தேறிய மெயில் இப்படி இருந்தது: ‘மூன்றாம் அறைக் கதவு இதுவரை ஆற்றிவரும் சேவைக்கு நன்றி. வருங்காலத்தில் அது இன்னும் சிறக்க வாய்ப்புண்டு எனப் பணிவோடு கருதுகிறேன்.’

கொள்முதல் தலைவரிடமிருந்து மறுநாளே பதில். கதவைப் பற்றிய தங்கள் சொற்கள் எங்கள் பிரிவினர் அனைவரையும் நெகிழ வைத்தன, இத்தகைய பாராட்டு எங்களுக்கு ஊக்கம் தரும், நன்றி.

குளிர்க்காரன் மாடிக்கு ஓடினான். கொள்முதல் தலைவர் அவனை உட்காரவைத்து, அவன் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டு, நல்ல விஷயம், இதை ஒரு மடலாகப் போடுங்கள் என்றார்.

சரி, கம்பியை நாமே செய்து மாட்டிவிடுவோம் என்று ஓர் இரும்புத் துண்டை அறுத்துத் தேய்த்து மாட்டினான். இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் பார்த்தால் அது இல்லை. அந்த இடத்தில் பூப்படம் போட்ட அட்டை ஒன்று தொங்கியது: ‘ஒப்புதல் பெறாத பொருள் ஒன்றை அன்போடு அகற்றியிருக்கிறோம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’ அக்காவுக்கு அட்டையைப் படித்துக் காட்டினான். அவள் அதற்குச் சொன்ன பதிலுக்குப் பணிவுமானி பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு போட்டிருக்கும். மறுநாளிலிருந்து உள்ளே போகும்போதெல்லாம் ஒரு பட்டாணிப் பெட்டியைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுப் போனாள்.

இதற்குள் அவன் பழைய கம்ப்யூட்டரில் முன்னவர் அனுப்பிய மெயில்களைக் கண்டுபிடித்திருந்தான். மூன்றாம் அறைக் கதவைப் பற்றி நாற்பத்தொன்று. வரிசையாகப் படித்தான். முதலாவதில் இரண்டே வாக்கியங்கள்: கம்பி உடைந்துவிட்டது, மாற்றுங்கள். பத்தாவதில் கம்பி போய்க் ‘கதவின் ஒரு பகுதி’ ஆகியிருந்தது. இருபதாவதில் ஒரு கோரிக்கை இருந்தது; என்ன கோரிக்கை என்று இல்லை. முப்பதுக்கு மேல் கதவே இல்லை. நாற்பத்தொன்றாவதில் வணக்கம் இருந்தது, நலம் விசாரிப்பு இருந்தது, நன்றி இருந்தது. நடுவில் எதுவும் இல்லை. அதற்கு நூற்றுக்கு நூறு.

அந்த நாற்பத்தொன்றாவது மெயிலை அவன் முன்பே பார்த்திருந்தான். சட்டம் போட்டு இன்சொல் பிரிவின் வாசலில் மாட்டியிருந்தார்கள்.

படித்து முடித்தபோது அந்த அறையில் குளிர் கூடியிருப்பதுபோல் இருந்தது. குளிர்க்காரனுக்குக் குளிரைப் பற்றித் தெரியும், வெப்பமானியைப் பார்த்தான். இருபத்தாறு. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டான். அதன் பிறகு அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. மாடிக்குச் சொல்ல முடியாததையெல்லாம் முன்னவருக்கு எழுதினான். பிரிவுக்குள் போகும் மெயில் என்பதால் தடையில்லை. ‘அண்ணே, இன்றைக்கும் கம்பி வரவில்லை.’ ‘அண்ணே, அக்கா இருபத்தெட்டாவது தடவை உள்ளே போயிருக்கிறாள்.’ ஒவ்வொன்றுக்கும், கண் இமைக்கும் நேரத்தில், தற்சமயம் இருக்கையில் இல்லை, விரைவில் திரும்பி வருவேன் என்று பதில் வந்தது. அந்தக் கட்டடத்தில் அவன் எழுதியதைத் திருத்தாமல் வாங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் இன்சொல் அதிகாரி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். கனிவான பெண்மணி. அறை கதகதப்பாக இருந்தது. செத்தவரின் கணக்கை மூடிவிடலாமே என்று அவன் கேட்டான்.

“மூடறதா?” என்றார் அவர், கன்னத்தில் கை வைத்து. “எப்பேர்ப்பட்ட ஊழியர் அவர். மூணு காலாண்டா முதல் பரிசு அவருக்குத்தான். எந்த மடலா இருந்தாலும் ஒரு வினாடியில பதில். ஒரு கடுஞ்சொல் இல்ல. எதையும் கேட்கறதில்ல, மறுக்கறதில்ல. உயிரோட இருக்கற நம்மால அந்த உயரத்தைத் தொட முடியுதா, சொல்லுங்க.”

அவன் கதவைப் பற்றிச் சொன்னான். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு. ஒருத்தர் கதவுக்குள்ள மாட்டிக்கிட்டா அது அந்த அறையோட பிரச்சனை. அதைக் கடுமையா எழுதி ஒரு தலைவரோட மனசு புண்பட்டா, அது நிறுவனத்தோட பிரச்சனை. காயத்துக்கு மருந்து இருக்கு. மடலுக்கு இருக்கா?” என்றார். போகும்போது, நன்றாக முன்னேறி வருகிறீர்கள், எண்பது வாங்கும் நாள் தூரத்தில் இல்லை என்று தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரம், ஒரு மத்தியானம் மூன்று இருபதுக்கு, விசிறியில் ஏதோ சத்தம் வருகிறது என்று குளிர்க்காரன் மூன்றாம் அறைக்குள் போனான். அக்காவைப்போலவே கதவிடுக்கில் ஒரு பட்டாணிப் பெட்டியை வைத்துவிட்டுத்தான் போனான். போவதற்கு முன் விதிப்படி தன் இருக்கைக்கும் அதே பதிலைப் போட்டுவிட்டுப் போனான். விசிறிக்குக் கீழே ஏணி போட்டு ஏறி நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் மெத்தென்று ஒரு சத்தம். இன்சொல் உதவியாளர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தவர், தனியே கிடந்த பெட்டியை அன்போடு எடுத்து மற்ற பெட்டிகளோடு சேர்த்துவிட்டுக் கதவை மென்மையாகச் சாத்தி, விளக்கையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று குரல் கொடுப்பது அந்த நிறுவனத்தில் நாகரிகமில்லை.

அக்கா நான்கு மணிக்குத்தான் எண்ண வருவாள்.

குமிழைத் தள்ளினான். அது அப்படியே உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தது, எதையும் தொடாமல். போனை எடுத்தான். ‘மூன்றாம் அறையில் மாட்டிக்கொண்டேன். திறங்கள்’ என்று எல்லாருக்கும் அனுப்பினான். நூற்றுக்கு ஆறு. வணக்கம் காணவில்லை. வணக்கம் சேர்த்தான். பத்தொன்பது. ‘திறங்கள்’ என்பது கட்டளைத் தொனி. ‘திறக்க முடியுமா’ என்று மாற்றினான். பெறுநருக்கு முடியுமா என ஐயுறுவது அவரைத் தாழ்த்துகிறது. நாற்பது. ஐம்பத்தைந்து. விரல்கள் கட்டைகளாகிவிட்டன. எந்த எழுத்தில் படுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அழுத்த முடிந்தது. அறுபத்தெட்டு. பெறுநரின் குடும்ப நலனையும் விசாரித்தால் மதிப்பெண் கூடும் என்றது பணிவுமானி. அவன் விசாரிக்கத் தொடங்கினான். பாதியில் போன் குளிரில் அணைந்துபோனது.

இருட்டு. குளிருக்கு ஒரு சத்தம் உண்டு. அது அவன் காதுக்குள்ளேயே இருந்தது. டார்ச்சை எடுத்துக் கதவில் அடித்தான். கதவின் உள்பக்கம் முழுக்க உறைபனி படிந்திருந்தது. குமிழைச் சுற்றி ஏதாவது நெம்ப முடியுமா என்று முழங்கையால் பனியைத் தேய்த்தான். பனிக்கு அடியில் தகரத்தில் கீறல்கள் தெரிந்தன. இன்னும் தேய்த்தான். எழுத்துகள். ஸ்க்ரூடிரைவரால் ஆழமாக, பொறுமையாக, வரி கோணாமல் கீறிய எழுத்துகள்.

‘அன்புடையீர், வணக்கம். நலம், நலமறிய ஆவல். தங்கள் பொன்னான நேரத்தில் ஒரு சி’

அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் தகரம்.

குளிர்க்காரன் அந்த ‘சி’யின் முன்னால் உட்கார்ந்தான். ஒரு சில நிமிடங்களோ, ஒரு சிறு உதவியோ. இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் அவருக்கு இருந்திருக்கிறது. எழுத வேண்டியது ஒரே ஒரு சொல். அவர் முறைப்படி தொடங்கியிருக்கிறார். விஷயத்துக்கு வந்து சேரவில்லை. திங்கட்கிழமை கதவைத் திறக்கிறவர் பார்க்கட்டும் என்று எழுதினாரா, வேறு யாருக்கு எழுதினார்? பக்கத்தில் யாரோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவன் படித்து முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருப்பதுபோல் இருந்தது. அவன் அந்தப் பக்கம் டார்ச்சைத் திருப்பவில்லை.

நான்கு மணிக்குக் கதவு திறந்தது. அக்கா.

அவன் வாயைத் திறந்தான். “தங்களுக்குச் சிரமம் கொடுத்ததுக்கு...” என்று அவன் வாயிலிருந்து வந்தது.

பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு அவனை இழுத்துத் தன் கோட்டுக்குள் போட்டு முதுகைத் தேய் தேய் என்று தேய்த்தாள். “அக்கான்னு கூப்பிடுடா. கூப்பிடு. நீயும் அந்தாளு மாதிரி ஆயிடாதடா” என்றாள். பதினொரு வருஷத்தில் அவள் குரல் உடைந்ததை அந்தக் கதவு இரண்டாம் தடவை கேட்டது.

கீறல்களைப் பார்த்தால் மாடிக்காரர்கள் கம்பியை மாற்றாமல் இருக்க முடியாது என்று குளிர்க்காரன் நம்பினான். அவர்களும் வந்து பார்த்தார்கள். முதலாளி வந்தார், கொள்முதல் தலைவர் வந்தார், இன்சொல் அதிகாரி வந்தார். இன்சொல் அதிகாரி எழுத்துகளைப் படித்துவிட்டு அழுதார். உண்மையாகவே அழுதார்.

“பாருங்க. கடைசி மூச்சிலயும் அவர் ‘திற’ன்னு ஒரு கட்டளை போடல. முதல்ல நம்ம நலத்தைக் கேட்டிருக்கார். இந்தப் பிரிவு தொடங்கினதோட பலனை இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்” என்றார்.

கதவைப் பாதுகாப்பது என்று முடிவாயிற்று. கதவின் உள்பக்கம் முழுக்கக் கண்ணாடித் தகடு பொருத்தப்படும். குமிழும் அதற்குள் அடங்கும். நினைவுச்சின்னம் ஆகிவிட்டதால் இனி அதில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. அறை மட்டும் வழக்கம்போலப் பயன்பாட்டில் இருக்கும். பட்டாணிக்கு வேறு இடமில்லை.

ஆக, உடைந்த குமிழும் போய்க் குமிழே இல்லாமல் ஆனது. குளிர்க்காரன் அன்று சாயந்திரம் அக்காவிடம், வேலையை விட்டுவிடு, நாளையிலிருந்து வராதே என்றான். விட்டுவிட்டு எங்கே போவது, உன் மெயிலைத் தின்பதா என்று கேட்டாள் அவள்.

திறப்பு விழா ஒரு வியாழக்கிழமை காலை. பத்துப் பேர், மெல்லிய விருந்தினர் கோட்டுகளில். வாசலில், நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று உள்ளே நுழையவே ஒன்பது நிமிடம் ஆயிற்று. குளிர்க்காரனும் அக்காவும் வெளியே நின்றார்கள். அவர்களுக்கு அழைப்பு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தைக் கதவைச் சாத்தினால்தான் நேராக நின்று படிக்க முடியும். குளிரும் வீணாகக் கூடாது. கடைசியாகப் போன கொள்முதல் தலைவர் மிகவும் மரியாதையாகக் கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான்.

ஐந்து நிமிடத்தில் அவன் போன் அதிர்ந்தது. குளிர்ப் பிரிவுக்கு மடல். அக்கா கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு, படி என்றாள். முதலாளி எழுதியிருந்தார்: விழாவுக்கு உழைத்த அனைவருக்கும் நன்றி, அறையின் குளிர் நமது தரத்துக்குச் சான்று.

“திறன்னு சொல்றாரா?”

“சொல்லல.”

அடுத்தது கொள்முதல் தலைவர்: இக்கதவு தன் கடமையை எவ்வளவு உறுதியோடு செய்கிறது என்பதை நேரில் காணும் பேறு பெற்றோம்.

“இதுல?”

“இல்ல, அக்கா.”

மூன்றாவது இன்சொல் அதிகாரி. நீளமாக இருந்தது. தங்கள் வசதிக்கேற்ற ஏதேனும் ஒரு தருணத்தில், கதவின் மறுபக்கத்தையும் தரிசிக்கும் ஆவல் எங்கள் உள்ளங்களில் மலர்ந்துள்ளது என்பதை...

“அவரும் இப்படித்தானே எழுதினாரு, நாப்பத்தொரு தடவை” என்றாள் அக்கா. அவள் கை கைப்பிடியில்தான் இருந்தது. அழுத்தவில்லை. “எதையாவது கேக்குறாங்கன்னு மேல யாருக்காவது புரிஞ்சுதா?”

“அக்கா, போதும். திற.”

“நீ சொல்லிட்டே. அவங்க சொல்லட்டும்.”

அப்போது போன் இன்னொரு தடவை அதிர்ந்தது. பிரிவுக்கு வந்த மூன்று மடல்களுக்கும் முன்னவர் பெயரில் பதில் போயிருந்தது. குளிர்க்காரன் எதையும் எழுதவில்லை. முழங்கை நீளத் தடிமனுள்ள கதவுக்கு அந்தப் பக்கம், உறைபனி வெளிச்சத்தில், பத்துப் போன்களிலும் ஒரே நேரத்தில் அது போய் நின்றிருக்கும். தங்கள் மடல் கண்டு மனம் மகிழ்ந்தேன். தற்சமயம் இருக்கையில் இல்லை.

விரைவில் திரும்பி வருவேன்.

அவன் அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினான். அவள் முகம் வெளுத்தது. இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. பிறகு மறுபடியும் போன். இன்சொல் அதிகாரியிடமிருந்து. வணக்கம் இல்லை, நலம் இல்லை, நன்றி இல்லை. ஒரே சொல்.

‘திற.’

அக்கா ஒரு விரற்கடை திறந்தாள். இடுக்கில் இன்சொல் அதிகாரியின் முகம் தெரிந்தது. அவர் பார்வை அவளிடம் இல்லை. தோளுக்கு மேலே, அறையின் உட்பக்கம், பின்னால் யாரோ நெருங்கி வருவதுபோல் திரும்பித் திரும்பிப் போனது.

“கம்பி?” என்றாள் அக்கா.

“மாத்து” என்றார் இன்சொல் அதிகாரி.

வெளியே வரும்போது, முதலில் நீங்கள் என்று யாரும் சொல்லவில்லை. முதலாளியின் காலை இரண்டு பேர் மிதித்தார்கள். உள்ளே போனவர்கள் பத்துப் பேர். வெளியே வந்தபோது அக்கா, பழக்கதோஷத்தில், எண்ணினாள். பத்து என்றாள். பிறகு, பத்துதானே என்று தம்பியிடம் இன்னொரு தடவை கேட்டாள்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. விழா இனிதே நிறைவுற்றது என்றும், தவிர்க்க இயலாத சூழலில் ஓரிரு சுருக்கமான சொற்களைக் கையாள நேர்ந்தமைக்காக இன்சொல் அதிகாரி மனம் வருந்தி இரண்டு வாரப் பணிவுப் பயிற்சிக்குத் தாமாகவே செல்கிறார் என்றும் அதில் கண்டிருந்தது. கதவைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் கம்பி வந்திருந்தது. முன்னவர் செத்த பிறகும் எட்டு மாதமும் பதினோரு வாரமும் வராத சாண் நீளக் கம்பி, மாடியிலேயே ஓர் அலமாரியில் இருந்ததாம். அதைக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை என்றார்கள்.

குளிர்க்காரன் கண்ணாடியில் குமிழுக்கு ஒரு துளை போட்டுக் கம்பியைப் பொருத்தினான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று குமிழைத் தள்ளினான். திறந்தது. பத்துத் தடவை செய்து பார்த்தான். அக்காவும் இரண்டு தடவை செய்து பார்த்தாள். பிறகு இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். வாசலிலேயே கிடந்த பெட்டிகள்மேல் உட்கார்ந்து அவன் போனை எடுத்தான்.

‘அண்ணே, கம்பி மாத்தியாச்சு’ என்று எழுதி முன்னவருக்கு அனுப்பினான்.

பதில் வரும் நேரத்துக்குப் பதில் வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. போனைத் தட்டிப் பார்த்தான். மெயில் போய்ச் சேர்ந்திருந்தது. வெறும் திரை.

அப்போதுதான் மூன்றாம் அறையின் கொக்கி விடுபட்டது. கதவு மெல்ல, உள்ளேயிருந்து, ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்தது. யாரும் வரவில்லை. வெள்ளையாய்க் குளிர் மட்டும் வெளியே வந்து, இருவரின் காலையும் தொட்டுக்கொண்டு, தரையோடு தரையாகப் பெரிய வாசலை நோக்கிப் போயிற்று.

குளிர்க்காரன் எழுந்து கதவை மூடப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்தாள்.

“போகட்டும் விடு” என்றாள்.